கடன்பட்ட நம்பிக்கை: ட்ரீம்காஸ்டின் இறுதி நாட்கள்



ஜப்பானைச் சேர்ந்த சேகா நிறுவனம் 1998 நவம்பர் 27 அன்று வெளியிட்டு, 2001 மார்ச் மாதத்தோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்ட ட்ரீம்காஸ்ட் என்னும் கன்சோலின் இறுதி நாட்களே இவ்வுரையின் பொருள். கன்சோல் எனப்படுவது, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கணினி. விற்பனையில் தோற்ற பொருள்கள் உலகில் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை தோற்கத் தகுந்தவையே. ட்ரீம்காஸ்ட் அந்த வரிசையில் சேராது. திறமையான பொறியாளர்கள் செய்த பொருள், மதிப்புரையாளர்கள் பாராட்டிய பொருள், வாங்கியவர்கள் விரும்பிய பொருள், அப்படியிருந்தும் இரண்டரை ஆண்டுகூட நிறைவதற்குள் கைவிடப்பட்டது என்றால், அது எதனால் மாண்டது என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

விடை தேடுமுன் இத்தொழிலின் கணக்கு வழக்கைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். கன்சோலைச் செய்து விற்கும் நிறுவனம் பெரும்பாலும் அப்பெட்டியில் இலாபம் பார்ப்பதில்லை. சில வேளைகளில் அடக்க விலைக்கும் குறைவாகவே விற்கிறது. பணம் வருவது பின்னால் விற்கும் விளையாட்டுகளிலிருந்து. தன் சொந்தத் தயாரிப்புகள் ஈட்டும் வருவாயோடு, மற்ற நிறுவனங்கள் அந்தப் பெட்டிக்காகச் செய்யும் விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் உரிமைத்தொகையாக ஒரு பங்கு பெட்டிக்காரருக்கு வந்து சேர்கிறது. ஆகவே பெட்டி வாங்குபவர் இன்றைய பொருளுக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு இந்தப் பெட்டிக்கு நல்ல விளையாட்டுகள் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கை இருந்தால் வாங்குவோர் பெருகுவர். வாங்குவோர் பெருகினால் விளையாட்டு செய்வோர் பெருகுவர். அந்த நம்பிக்கை போனால் இரண்டும் ஒருசேரத் தேயும். எனவே கன்சோல் விற்பவர் உண்மையில் விற்பது நாளையைத்தான்.

சேகாவின் நாளையை மக்கள் ஏன் நம்பவில்லை? இக்கேள்விக்கான விடை ட்ரீம்காஸ்டுக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இருக்கிறது. 1983 ஜூலை 15 அன்று, நிண்டெண்டோவின் ஃபாமிகாம் வெளிவந்த அதே நாளில், எஸ்ஜி-1000 என்னும் பெட்டியோடு வீட்டுக் கன்சோல் தொழிலில் இறங்கிய சேகா, 1988இல் வெளியிட்ட மெகா டிரைவ் வழியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிண்டெண்டோவுக்கு ஈடுகொடுத்த நிறுவனம். அந்த வெற்றியின் சூடு ஆறுமுன்பே தடுமாற்றம் தொடங்கிவிட்டது. மெகா டிரைவோடு இணைத்துக் குறுந்தகட்டு விளையாட்டுகளை ஆடுவதற்கு மெகா சிடி என்றொரு துணைக்கருவி வந்தது. அது போதாதென்று அதே மெகா டிரைவின் தலையில் பொருத்துவதற்கு 32எக்ஸ் என்ற இன்னொரு துணைக்கருவி 1994 நவம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதே மாதத்தில் ஜப்பானில் அதே நிறுவனம் சாட்டர்ன் என்ற புத்தம் புதிய கன்சோலை வெளியிட்டது. 32எக்ஸுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர், தாம் வாங்கிய பொருளை அதைச் செய்தவர்களே பழையதாக்கிவிட்டதைச் சில மாதங்களில் கண்டுகொண்டார்.

அடுத்து நிகழ்ந்தது அதைவிடப் பெரிய பிழை. சாட்டர்ன் 1995 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் என்று அறிவித்திருந்த சேகா, மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஈ3 என்னும் தொழிற்கண்காட்சி மேடையில், அது சில குறிப்பிட்ட கடைகளில் அன்றே விற்பனைக்கு வந்துவிட்டதென்றும் விலை 399 டாலர் என்றும் திடீரென்று அறிவித்தது. அதே நாளில் சோனி நிறுவனம் தன் முதல் பிளேஸ்டேஷனின் விலை 299 டாலர் என்று அறிவித்துவிட்டுப் போயிற்று. செப்டம்பருக்கென்று விளையாட்டுகளைத் தயார் செய்துகொண்டிருந்த நிறுவனங்கள் கையில் சரக்கின்றி நின்றன. பட்டியலில் இடம்பெறாத கடைக்காரர்கள் கொதித்தனர். கேபி டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக் கடைத் தொடர் சேகாவின் பொருள்களையே விற்க மறுத்தது. இரண்டே ஆண்டுகளில், 1997இல், சாட்டர்ன் தங்கள் எதிர்காலமன்று என்று சேகாவின் அமெரிக்கக் கிளைப் பொறுப்பாளர் பெர்னி ஸ்டோலர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மையை, சாட்டர்னைக் காசு கொடுத்து வாங்கியிருந்த வாடிக்கையாளர் எப்படிக் கேட்டிருப்பார்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா?

இந்தப் பழைய கடன் அத்தனையையும் தலையில் சுமந்துகொண்டுதான் ட்ரீம்காஸ்ட் பிறந்தது. பெட்டியின் தகுதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய ஹிட்டாச்சியின் எஸ்எச்-4 செயலியும், பவர்விஆர் 2 என்னும் வரைகலைச் சில்லும், ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் கொள்ளும் ஜிடி-ராம் என்ற தனிவகைத் தகடும் அதில் இருந்தன. கைப்பிடிக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் செருகும் நினைவட்டைக்குத் தனியாக ஒரு சிறு திரை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தோடு இணைக்கும் மோடம் பெட்டிக்குள்ளேயே அமைந்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் பதினைந்து டாலர் கூடுதல் செலவு வைக்கும் இந்த மோடம் தேவையா என்று நிறுவனத்துக்குள் பலர் முணுமுணுத்தபோது, இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் சேகாவின் தலைவர் இசாவோ ஒகாவா. அந்தப் பெயரை அவையோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; உரை மீண்டும் அவரிடம் வரும்.

ஜப்பானில் வெளியீடு சிறக்கவில்லை. வரைகலைச் சில்லின் உற்பத்தியில் பழுதுகள் மிகுந்ததால் போதிய பெட்டிகள் கிடைக்கவில்லை. கையிருப்பில் இருந்தவை முதல் நாளே தீர்ந்துபோயின. வாங்க வந்து திரும்பியவர்களில் பலர் மறுபடி வரவேயில்லை. அமெரிக்காவிலோ நிலைமை நேர்மாறு. 1999 செப்டம்பர் 9 அன்று, ஒன்பதுகள் வரிசையாக நின்ற அந்த நாளில், 199 டாலர் விலையில் வெளிவந்த ட்ரீம்காஸ்ட், முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் 2,25,132 பெட்டிகள் விற்று, விளையாட்டுகளையும் சேர்த்து 9.84 கோடி டாலர் ஈட்டியது. அந்த வெளியீட்டை முன்னின்று திட்டமிட்ட ஸ்டோலர், சில வாரங்களுக்கு முன்னரே பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார் என்பது சேகாவின் உள்நிலைக்கு ஒரு சான்று.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய ஒன்று பதினாறே மாதங்களில் எப்படி முடிவுக்கு வந்தது? பிளேஸ்டேஷன் 2 வந்தது, ட்ரீம்காஸ்ட் மாண்டது என்று ஒரே வரியில் சொல்வோர் உண்டு. அதில் பாதி உண்மை உண்டு; மீதிப் பாதிதான் கவனிக்கத் தக்கது. சோனி தன் அடுத்த பெட்டியைப் பற்றி 1999 மார்ச்சிலேயே, அதாவது அமெரிக்காவில் ட்ரீம்காஸ்ட் வருவதற்கு ஆறு மாதங்கள் முன்பே, உலகுக்குத் தெரிவித்துவிட்டது. ஜப்பானில் அது கடைக்கு வந்தது 2000 மார்ச் 4 அன்று. அமெரிக்காவில் 2000 அக்டோபர் 26 அன்று. அப்படியானால் ட்ரீம்காஸ்டின் வாழ்நாளில் பெரும்பகுதி, அது போட்டியிட்டது ஒரு பெட்டியோடு அன்று, ஒரு வாக்குறுதியோடு. டிவிடி திரைப்படங்களையும் ஓட்டும், பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளையும் ஏற்கும் என்ற அந்த வாக்குறுதிக்காக மக்கள் காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள். சோனி சொன்னால் நடக்கும் என்று நம்பினார்கள்; சேகா கையில் கொடுத்தும் தயங்கினார்கள்.

விளையாட்டு செய்யும் நிறுவனங்களும் அப்படியே தயங்கின. அமெரிக்காவில் விளையாட்டு வெளியீட்டுத் துறையின் பெருநிறுவனமாகிய எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ட்ரீம்காஸ்டுக்கு ஒரே ஒரு விளையாட்டைக்கூடத் தரவில்லை. அமெரிக்கக் கால்பந்து விளையாட்டுக்காகவே கன்சோல் வாங்கும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விளக்கத் தேவையில்லை. விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற நிறுவனத்தை விலைக்கு வாங்கி, என்எஃப்எல் 2கே என்ற கால்பந்து விளையாட்டைச் செய்து சேகா தானே அந்தக் குறையை ஈடுகட்டியது. அது சிறப்பாகவும் அமைந்தது. ஆனால் எல்லாக் குறையையும் ஒரே நிறுவனம் தன் கைக்காசில் ஈடுகட்டிக்கொண்டிருக்க எத்தனை நாள் முடியும்?

திருட்டுப் பிரதிகளே காரணம் என்ற வாதமும் உண்டு. இசைத் தகடுகளோடு கூடுதல் படக்காட்சிகளைச் சேர்த்து வெளியிடுவதற்காகச் சேகா வைத்திருந்த மில்-சிடி என்ற வசதியைப் பயன்படுத்தி, பெட்டியில் எந்த மாற்றமும் செய்யாமலே நகல் தகடுகளை ஓட்டும் வழியை 2000இன் நடுவில் சிலர் கண்டுபிடித்தனர் என்பது உண்மை. ஆயினும் அதற்குள் நிறுவனத்தின் நட்டக் கணக்கு மூன்றாண்டு நீளமாகிவிட்டிருந்தது. நோய் முற்றிய பிறகு வந்த காய்ச்சலை நோய்க்குக் காரணமென்று சொல்ல முடியாது.

உண்மையான காரணம் பணக் கையிருப்பின்மை. 2000 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சேகாவின் நிகர நட்டம் 4,288 கோடி யென்; அது தொடர்ச்சியாக மூன்றாவது நட்ட ஆண்டு. ஜப்பானில் விலையை 19,900 யென்னுக்குக் குறைத்தபோது விற்பனை ஏறியது, பெட்டிக்குப் பெட்டி நட்டமும் ஏறியது. அமெரிக்காவில் 2000இன் பிற்பகுதியில் விலை 149 டாலராக இறங்கியது. சோனிக்கும், பின்னர் எக்ஸ்பாக்ஸோடு வந்த மைக்ரோசாஃப்ட்டுக்கும், பெட்டியில் வரும் நட்டத்தைத் தாங்கிக்கொள்ள மற்ற தொழில்கள் இருந்தன. சேகாவுக்கு என்ன இருந்தது? ஒகாவா இருந்தார். சிஎஸ்கே என்னும் தகவல்தொழில் குழுமத்தை நிறுவிய அச்செல்வந்தர், 1999இல் தம் சொந்தப் பணத்திலிருந்து 50 கோடி டாலரைச் சேகாவுக்குக் கடனாகக் கொடுத்திருந்தார். ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பெரும்போட்டி ஒரு தனிமனிதரின் சட்டைப்பையை நம்பி நடந்ததென்பது, இத்தொழிலின் வரலாற்றில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத செய்தி.

இனி இறுதி மாதங்களுக்கு வருவோம். 2000 செப்டம்பரில் டோக்கியோவில் ஒரு கூட்டம் நடந்தது. அமெரிக்கக் கிளையின் தலைவர் பீட்டர் மூரும் அவருடைய உடன்பணியாளர் சார்லஸ் பெல்ஃபீல்டும், ஜப்பானிய நிர்வாகிகளும் விளையாட்டுகளை உருவாக்கும் கூடங்களின் தலைவர்களும் அமர்ந்திருந்த அவையில், கன்சோல் தொழிலை விட்டுவிட்டுப் பிறர் பெட்டிகளுக்கு விளையாட்டு செய்யும் நிறுவனமாகச் சேகா மாறவேண்டும் என்று அவ்விருவரும் முன்மொழிந்தார்கள். அதைக் கேட்ட கூடத் தலைவர்கள் எழுந்து வெளியேறிவிட்டார்கள். அமெரிக்காவில் ட்ரீம்காஸ்ட் வெளிவந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது, விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, பிளேஸ்டேஷன் 2 அமெரிக்கக் கடைகளுக்கு இன்னும் வரவேயில்லை. வெளியே போர்முழக்கம், உள்ளே வெள்ளைக்கொடி பற்றிய பேச்சு. வெளியேறியவர்களைக் குறைசொல்லவும் இயலாது. தாங்கள் எழுதும் விளையாட்டுக்கும் தங்கள் நிறுவனத்தின் பெட்டிக்கும் இடையே வேறுபாடு காணாமல் பணிசெய்து பழகியவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில் 2000 முடிவதற்குள் 50 லட்சம் பெட்டிகள் விற்றால்தான் ட்ரீம்காஸ்ட் பிழைக்கும் என்று மூர் கணக்கிட்டிருந்தார். விற்றவை ஏறத்தாழ 30 லட்சம். பிளேஸ்டேஷன் 2 அந்தப் பண்டிகைக் காலத்தில் போதிய அளவு கடைகளுக்கு வரவில்லை. வாய்ப்பு திறந்தே கிடந்தது. அப்படியும் மக்கள் கடையில் இருந்த பெட்டியை வாங்காமல் இல்லாத பெட்டிக்குக் காத்திருந்தார்கள். சேகா இழந்திருந்த நாணயத்துக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமா?

2001 ஜனவரி 23 அன்று, ஜப்பானின் முதன்மைப் பொருளாதார நாளேடாகிய நிஹோன் கெய்சாய் ஷிம்புன், சேகா ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தப் போகிறது என்று செய்தி வெளியிட்டது. சேகா முதலில் மறுத்தது. பின்னர், அப்படியொரு யோசனை ஆராயப்படுகிறது என்று ஒப்புக்கொண்டது. ஜனவரி 31 அன்று, மார்ச் 31க்குப் பிறகு உற்பத்தி இல்லை என்றும் இனிச் சேகா எல்லாப் பெட்டிகளுக்கும் விளையாட்டு செய்யும் நிறுவனம் என்றும் முறையாக அறிவித்தது. மறுப்பு, அரைகுறை ஒப்புதல், அறிவிப்பு என மூன்று நிலைகளும் ஒன்பது நாட்களுக்குள் முடிந்தன. பலரை வேலையிலிருந்து நீக்கும் கசப்பான பணியும் மூரின் தலையில் விழுந்தது. கிடங்குகளில் தேங்கியிருந்த பெட்டிகளைத் தீர்ப்பதற்காக விலை 99 டாலருக்கும், பின்பு 79க்கும், முடிவில் 49க்கும் இறங்கியது. அந்த நிதியாண்டின் நட்டம் 5,170 கோடி யென்.

கடைசியாகச் செய்யப்பட்ட பெட்டியில் சேகாவின் ஒன்பது விளையாட்டுக் கூடங்களின் தலைவர்களும் கையொப்பமிட்டனர். ஐம்பத்தைந்து விளையாட்டுகளோடு சேர்த்து, கேம்புரோ என்ற அமெரிக்க இதழ் நடத்திய போட்டியின் பரிசாக அது வழங்கப்பட்டது. ஒரு நிறுவனம் தன் தோல்வியின் நினைவுப்பொருளில் கையொப்பமிட்டுக் கொடுப்பது விந்தைதான். ஆனால் அந்நாட்களில் சேகாவில் நிகழ்ந்த விந்தைகளில் அது சிறியது.

பெரிய விந்தை, 2001 மார்ச் 29 அன்று, உற்பத்தி முடிவதற்கு இரண்டு நாள் முன்பாக, நிறுவனத்தின் சொந்த இணைய விற்பனை வழியே வெளிவந்த சேகாகாகா என்ற விளையாட்டு. டெஸ் ஒகானோ என்னும் இயக்குநர், மேலிடத்துக்கே தெரியாமல் ஏறத்தாழ இரண்டாண்டு செய்துவந்த இந்த விளையாட்டின் கதை 2025ஆம் ஆண்டில் நடக்கிறது. டாக்மா என்ற போட்டி நிறுவனம் சந்தை முழுவதையும் விழுங்கிவிட, சேகாவிடம் மிஞ்சியிருப்பது மூன்றே விழுக்காடு. நிறுவனத்தைக் காப்பாற்றும் பொறுப்பு தாரோ சேகா என்ற இளைஞனிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவனாக விளையாடுபவர், வேலைச்சுமையால் வெறிபிடித்து உருமாறிப்போன பணியாளர்களோடு அலுவலகத் தாழ்வாரங்களில் மல்லுக்கட்டி, அவர்களை வென்று வேலைக்குச் சேர்த்து, காலக்கெடுவுக்குள் விளையாட்டுகளை முடித்து விற்கவேண்டும். கதையின் உச்சத்தில் வரும் விண்வெளிப் போரில் எதிரிகளாக வருபவை சேகாவே முன்னர் வெளியிட்ட பழைய பெட்டிகள். தன் கடந்தகாலமே தன்னைத் துரத்துகிறது என்பதை இதைவிட வெளிப்படையாக எந்தப் பங்குதாரர் கூட்டத்திலும் எவரும் சொல்லியிருக்க முடியாது. விளம்பரத்துக்கு ஒகானோவுக்குக் கிடைத்தது 200 டாலர் அளவிலான தொகை. அதில் பாதிக்கு மேல் செலவழித்து ஒரு மல்யுத்த முகமூடி வாங்கி, அதை அணிந்துகொண்டு டோக்கியோவின் அகிஹபாரா பகுதிக் கடைகளில் வாங்குவோருக்குக் கையொப்பமிட்டார். மூழ்கும் கப்பலில் இருந்துகொண்டு மூழ்குவதைப் பற்றியே நகைச்சுவை நாடகம் போடும் துணிவு வேறெந்தக் கன்சோல் நிறுவனத்தின் வரலாற்றிலும் காணப்படுவதில்லை. சேகாவின் பெருமை என்று எதையாவது சொல்வதானால், இதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

இதே காலத்தில் வந்த மற்றொன்று, யூஜி நாகாவின் சோனிக் குழு செய்த பேண்டசி ஸ்டார் ஆன்லைன். ஒகாவா பிடிவாதமாகப் பெட்டிக்குள் வைக்கச்செய்த அந்த மோடம் எதற்கு என்ற கேள்விக்கு விடையாக 2000 டிசம்பர் 21 அன்று ஜப்பானில் வந்த இவ்விளையாட்டில், நால்வர் இணையத்தின் வழியே ஒன்றுகூடி ஒரு கோளைச் சுற்றிவந்து போரிடலாம். ஜப்பானியர், அமெரிக்கர், ஐரோப்பியர் என்ற வேறுபாடின்றி ஒரே குழுவில் சேரலாம். ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்த சொற்றொடர்களைத் தேர்ந்தெடுத்தால், அவை எதிரே இருப்பவரின் மொழியிலேயே அவருக்குத் தெரியும். வீட்டுக் கன்சோலில் நாடுகளைக் கடந்த கூட்டு விளையாட்டு என்பது என்னவென்று உலகம் கண்ட அந்த வேளையில், அதைக் காட்டிய பெட்டிக்கு எஞ்சியிருந்த ஆயுள் மூன்று மாதங்களுக்குச் சற்றே மிகுதி.

யூ சுசுகியின் ஷென்மூ என்னும் விளையாட்டு இதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தது. யோகோசுகா நகரத்தின் தெருக்களையும் கடைகளையும் வானிலையையும் நாள்பொழுதையும் பெட்டிக்குள் கட்டியெழுப்ப ஆன செலவு 4.7 கோடி டாலர் என்று சுசுகி பின்னாளில் சொன்னார். ட்ரீம்காஸ்ட் வாங்கியவர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் திரும்பி வரவே முடியாத முதலீடு அது. நிதானமான நிர்வாகம் எதுவும் அனுமதித்திருக்காது. நிதானமான நிர்வாகம் இருந்திருந்தால் ஷென்மூ பிறந்திருக்காது. அதன் இரண்டாம் பாகம் 2001 செப்டம்பரில், பெட்டியின் உற்பத்தி நின்று ஐந்து மாதம் கழித்து ஜப்பானில் ட்ரீம்காஸ்டுக்கு வந்தது; அமெரிக்காவிலோ அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸுக்குப் போய்விட்டது.

இவற்றில் சிலவற்றைக் காண ஒகாவா இருக்கவில்லை. வீட்டுப் பெட்டித் தொழிலைச் சேகா விடவேண்டும் என்று நெடுநாளாகவே கருதிவந்த அவர், முடிவு அறிவிக்கப்பட்டு ஆறு வாரங்களில், 2001 மார்ச் 16 அன்று காலமானார். இறப்பதற்கு முன், தமக்குச் சேகா தரவேண்டிய கடன் முழுவதையும் தள்ளுபடி செய்து, சேகாவிலும் சிஎஸ்கேயிலும் தமக்கிருந்த 69.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளையும் சேகாவுக்கே விட்டுச்சென்றார். வெளியேறும் முடிவைத் தாங்கிக்கொள்ளச் சேகாவுக்கு வலு தந்தது இந்தக் கொடைதான். பெட்டி விற்று ஈட்டாத பணம், பெட்டியை விட்டதற்குக் கூலியாக வந்து சேர்ந்தது என்றே கொள்ளலாம்.

மொத்தத்தில் உலகெங்கும் விற்ற ட்ரீம்காஸ்ட் 91.3 லட்சம். பிளேஸ்டேஷன் 2 தன் வாழ்நாளில் 15.5 கோடியைத் தாண்டியது. 2001 டிசம்பரில், சேகாவின் அடையாளச் சின்னமாகிய சோனிக் என்னும் நீலநிற முள்ளெலி, பதினெட்டாண்டுப் பகைவராகிய நிண்டெண்டோவின் கேம்கியூபில் ஓடத் தொடங்கியது. டோக்கியோக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியேறிய தலைவர்களின் கூடங்கள், ஓரிரு ஆண்டுகளுக்குள் சோனிக்கும் நிண்டெண்டோவுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் விளையாட்டு செய்துகொண்டிருந்தன. 2004இல் சேகா, பச்சிங்கோ எனப்படும் சூதாட்ட இயந்திரங்களைச் செய்யும் சம்மி நிறுவனத்தோடு இணைந்தது. ஜப்பானில் ட்ரீம்காஸ்டுக்கென்று உரிமம் பெற்று வந்த கடைசி விளையாட்டு காரஸ்; அது கடைக்கு வந்த 2007 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தே நான்கு மாதம் ஆகியிருந்தது.